உறைக்காத பதினோரு நாள்

கடைவாய்ப் பல் ஒன்று
ஈறுக்குள் குறுக்கே படுத்துக்கொண்டு
எழுந்திருக்க மாட்டேன் என்றது.
பல் டாக்டரிடம் நாள் கிடைத்தது
அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கள்.
அதுவரைக்கும்
காளவாசல் துளசிராம் கடையில்
வெள்ளை மாத்திரை ஓர் அட்டை.
காலை ஒன்று, மதியம் ஒன்று,
ராத்திரி டூட்டிக்குக் கிளம்பும்போது ஒன்று.

அரசரடியில் என் வேலை
கரண்ட் போனவர்களிடம் திட்டு வாங்குவது.
வாங்கியதைப் பேரேட்டில் எழுதுவது:
நேரம், தெரு, இணைப்பு எண்.
திட்டுக்கு அதில் கட்டம் கிடையாது.

நாலாம் நாள் ராத்திரி
விளாங்குடியில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஓர் ஆள் என் அம்மாவிலிருந்து ஆரம்பித்தார்.
எப்போதும் ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன்.
அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
சும்மா நிற்பேன் கொஞ்ச நேரம்.
அன்றைக்கு முழுசாகக் கேட்டேன்.
அவர் குரலுக்குப் பின்னால்
ஒரு பிள்ளை இருமியது, நிறுத்தாமல்.
அதுவும் கேட்டது.
கேட்டது, அவ்வளவுதான்.
"சர்வீஸ் நம்பர் சொல்லுங்க சார்."
எழுதினேன்.
பசித்தது.

ஆறாம் நாள்
நாத்தனார் மகள் காதுகுத்துப் பத்திரிகை வந்தது,
எங்கள் இருவர் பேரும் இல்லாமல்.
வீட்டுக்காரர் அதை இரண்டாகக் கிழித்தார்.
"அச்சுக்காரன் விட்டிருப்பான்" என்றேன்.
"சூடு சொரணை இருக்கா ஒனக்கு?"
இதைவிடச் சின்ன விஷயத்துக்கு
இரண்டு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தவள் நான்.
கிழிந்ததை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.
அன்றைக்கு எனக்கு டூட்டி.

ஒன்பதாம் நாள்தான் பயந்தேன்.
ஆனையூரில் கம்பத்திலிருந்து
லைன்மேன் சோலைமலை விழுந்துவிட்டான்.
மழைநாளில் எங்களுக்குச் சேர்த்து
அவித்த கடலை வாங்கி வருகிறவன்.
பக்கத்து நாற்காலி அங்காளம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.
நான் கேட்டேன்:
"கம்பம் நம்பர் என்ன?"
என் கையெழுத்து அன்றைக்கு
கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

மூன்றாவது அட்டை வாங்கும்போது கேட்டேவிட்டேன்:
"ஏண்ணே, இது கோவத்தையும் கொறைக்குமா?"
துளசிராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"காய்ச்சலுக்கு, வலிக்குன்னு போட்டிருக்கான்.
அவமானத்துக்குன்னு போடலையே.
எங்கயோ ஆராய்ச்சி பண்ணாங்களாம், பேப்பர்ல பாத்தேன்.
ஆமாங்கிறான் ஒருத்தன், இல்லைங்கிறான் இன்னொருத்தன்.
நீ ஒழுங்கா தூங்கி எத்தன நாளாச்சும்மா?
அதுவா இருக்கும்."
இருக்கும்.
பல்லே பிராணனைப் பூராவும் பிடித்துவைத்திருந்தால்
மற்றதுக்கு எங்கே மிச்சம்?

பன்னிரண்டாம் நாள் பல்லைப் பிடுங்கினார்கள்.
மாத்திரையை நிறுத்தி நாலு நாளிருக்கும்,
டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னான்:
"ஓசி டிக்கெட்டுக்கு ஜன்னல் சீட்டு வேறயா?"
சுருக்கென்றது.
காதுமடல் சுட்டது.
சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.
ஆனால் இறங்கி நடக்கையில்
தொலைந்த செருப்பில் ஒன்று கிடைத்ததுபோல் இருந்தது.

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
இடுப்புக்குக் கீழே கட்டோடு சோலைமலை
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
"ஊசி போடுறாங்கக்கா, வலியே இல்ல.
வீட்டு நெனப்புகூட வரல."
கால்மாட்டில் அவன் பெண்சாதி
ஆரஞ்சை உரிப்பதை நிறுத்திவிட்டு
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
கடலைப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தேன்.
படி இறங்கும்போது
ஒன்பதாம் நாள் அழுகை வந்தது,
ஒரு வாரம் பிந்தி,
லிப்ட்டுக்காரர் முன்னால்.

இப்போது பேரேட்டின் ஓரத்தில்
உறைத்த அழைப்புக்கு மட்டும்
பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன்.
நேற்று ஏழு.
மிச்ச மாத்திரைகள் பையில்தான் கிடக்கின்றன.
இன்றைக்கு வில்லாபுரத்தில் கேபிள் பழுது,
விடியும்வரை வராது என்கிறார்கள்.
மணி அடிக்கிறது.